எங்கள் கோல்காரனின் காவடி

ஈரக் கம்பளியும், மிதிபட்டு உருகிய பனியும், ரப்பர்த் தரையும், எத்தனை தரம் தோய்த்தாலும் போகாத கையுறை வியர்வையும், மூலையில் இரும்புத் தட்டில் வெந்துகொண்டிருக்கும் வாஃபலின் ஏலக்காய் வாசமும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏறும். அந்தக் கலவைக்கு நடுவே எங்கள் வரிசையில் யாரோ ஒரு பிளாஸ்ரிக் பெட்டியின் மூடியைத் திறக்க, ஆட்டிறைச்சி ரோல்ஸின் மிளகு மணம் கிளம்பி முன்வரிசைத் தலைகளையெல்லாம் பின்னால் திரும்ப வைக்கும். பெட்டியைத் திறப்பவர் என் அம்மா. பக்கத்தில் கழுத்துவரை பச்சைச் சால்வை சுற்றிக்கொண்டு, மூக்கு நுனி விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நான். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய ஐஸ் மண்டபத்தில், ஒரு கல்லூரியின் ஐஸ் ஹொக்கி அணி ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடும். அம்மா அந்த மண்டபத்தை 'ஐஸ்பெட்டி' என்பார். வெளியிலும் குளிர், உள்ளே அதைவிடக் குளிர். இரண்டையும் காசு கொடுத்து அனுபவிக்கும் ஒரே சனம் நோர்வேக்காரர்தான் என்று சொல்லிக்கொண்டே ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து உட்காருவார்.

ஒஸ்லோவில் வாழ்ந்த தமிழ்ச் சனத்துக்கு அன்றைக்கு இரண்டு விளையாட்டுகள்தான் இருந்தன. ஒன்று கால்பந்து, மற்றது கிரிக்கெட். பஸ் ஓட்டுநரான அப்பா கிரிக்கெட் கட்சி. வெள்ளை உடுப்புப் போட்டு, நடுவில் தேத்தண்ணி குடித்து, மரியாதையாக விளையாடுவதுதான் விளையாட்டு என்பது அவருடைய கொள்கை. "உது விளையாட்டே? தடியோடை ஓடிப்போய் ஆளை ஆள் சுவரிலை சாத்துறது. உதுக்கு நாங்கள் கடல் தாண்டி வந்திருக்கத் தேவையில்லை" என்பார். அப்படிப்பட்ட வீட்டில் ஐஸ் ஹொக்கிப் பைத்தியம் பிடித்தது எனக்கல்ல, அம்மாவுக்கு. நான் அம்மாவிடமிருந்து தொற்றிக்கொண்டவள்தான்.

அம்மா அந்தக் கல்லூரியின் கன்ரீனில் வேலை செய்தார். மனிதர்களை எடைபோட அவரிடம் ஒரே தராசு இருந்தது: சாப்பிடும் முறை. கோப்பையில் மிச்சம் விடுகிறவனை அவர் நம்பமாட்டார். சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுப் போகிறவனைத் திரும்பியும் பார்க்கமாட்டார். காலைப் பயிற்சி முடிந்து, தலைமயிர் ஈரமாய், பெரிய பெரிய பைகளோடு வந்து இறங்கும் ஹொக்கிப் பெடியன்கள் அந்தத் தராசில் சொக்கத் தங்கமாய் நின்றார்கள். போட்டதெல்லாம் போகும், தட்டு வழித்துத் துடைத்ததுபோலத் திரும்பி வரும். அதிலும் எய்ரிக் என்ற ஒருத்தன், கதவு நிலையில் தலை முட்டும் உயரம், ஒவ்வொரு நாளும் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்து "தக் ஃபோர் மாத்தன்" என்று சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போவான். எல்லோரும் சொல்லும் உபசாரம்தான் அது. ஆனால் எய்ரிக் மீன் குழம்பைப் பற்றித் தனியாகவும், உருளைக்கிழங்கைப் பற்றித் தனியாகவும் சொல்வானாம். அவன்தான் அணியின் கோல்காப்பாளன். ஒருநாள் அவன் அம்மாவிடம் இரண்டு இலவசச் சீட்டுகளைக் கொடுத்தான். அப்பா வரமாட்டேன் என்றார். நான் போனேன்.

முதல் ஆட்டத்தை நாங்கள் பாதிக்குமேல் பார்க்கவில்லை, பார்க்கப் பயந்தோம். எய்ரிக்கின் மேல் ஒருத்தன் வந்து விழுந்தபோது அம்மா எழும்பி நின்று, "ஐயோ, பிள்ளையை அடிச்சுப்போட்டாங்கள்! ஆரும் கேக்கமாட்டியளே?" என்று நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கத்தினார். மண்டபம் திரும்பிப் பார்த்தது. எய்ரிக் எழும்பித் தலைக்கவசத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டு எங்கள் பக்கமாகத் தடியை உயர்த்திக் காட்டினான். அவ்வளவுதான். அன்றைக்கே அம்மாவை அந்த அணி தத்தெடுத்துவிட்டது.

அதன்பிறகு அம்மா விதிகளைக் கற்கவில்லை, ஆட்டத்தைக் கற்றார். அந்தக் கறுத்த ரப்பர் வட்டு அவருக்கு 'வடை'. வெளியே போய் இருக்கச் சொல்லித் தண்டனை கிடைத்தவன் உட்காரும் அடைப்பு 'மறியல்'. ஆட்டத்தின் இடைவேளையில் வந்து பனியைச் சீராக்கும் வண்டி 'தோசைக்கல் துடைக்கிறவர்'. நடுவரை நோர்வேக்காரர் சொல்வதுபோல 'டொம்மர்' என்றே சொல்வார், ஆனால் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் தமிழில். "உந்த டொம்மருக்குக் கண் தெரியாதே? வீட்டிலை மனுசியோடை சண்டை பிடிச்சுப்போட்டு வந்திருக்கிறார்போலை." பிறகு பெடியன்களிடம் பாய்வார்: "மறி, மறி! விடாதை! வடை அங்கை நிக்குது, நீ இஞ்சை என்ன செய்யிறாய்?" ஒரு சொல்லும் விளங்காமலே அணி அந்தக் குரலுக்கு ஓடியது. எதிரணிப் பெடியன்கள் பயந்தார்கள் என்றுகூடச் சொல்வேன்.

எங்களுக்குப் பக்கத்து இருக்கையில் பெரித் என்று ஒரு அம்மா வருவார். எய்ரிக்கின் தாய். திராமன் நகரிலிருந்து இரயிலேறி, வாஃபல் பொதியும் கோப்பிப் போத்தலும் கம்பளி நூலுமாக வந்து உட்கார்ந்து, ஆட்டம் முழுக்கப் பின்னிக்கொண்டிருப்பார். மகன் கோல் தடுத்தால் ஊசி ஒரு நொடி நிற்கும், விட்டாலும் ஒரு நொடி நிற்கும், அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டதை நான் கண்டதில்லை. அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினார். அம்மாவுக்குக் கன்ரீன் நோர்வேஜியன் நன்றாக வரும், ஆனால் உருளைக்கிழங்கையும் வேலை நேரத்தையும் தாண்டினால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் நடுவிலிருந்து மொழிபெயர்ப்பேன். அவர்கள் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. ரோல்ஸ் அந்தப் பக்கம் போகும், மண்ணிறச் சீஸ் வைத்த வாஃபல் இந்தப் பக்கம் வரும். அந்தச் சீஸைக் 'கல்கண்டுச் சவர்க்காரம்' என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, பெரித்தைப் பார்த்துச் சிரித்தபடி முழுவதையும் சாப்பிட்டு முடிப்பார்.

எனக்கு அது எவ்வளவு சந்தோஷமான காலம் என்பதை எப்படிச் சொல்ல? சனிக்கிழமை முழுக்கத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிறு மத்தியானம் கண்ணாடித் தடுப்பில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்பேன். இரண்டு பேர் மோதி அந்தக் கண்ணாடி அதிரும்போது என் பல்லும் சேர்ந்து அதிரும். வென்ற நாட்களில் அணி முழுவதும் எங்கள் பக்கம் வரிசையாக வந்து தடிகளால் பனியைத் தட்டும். அந்தத் தட்டல் எங்களுக்கு, குறிப்பாக அம்மாவுக்கு. வகுப்பில் என்னோடு படித்தவர்கள் பெரிய அணிகளின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு திரிந்தார்கள். பார்வையாளர் வரிசை பாதிகூட நிரம்பாத, எந்தப் பத்திரிகையிலும் பெயர் வராத ஒரு மாணவர் அணிக்கு ரசிகையாக இருந்தவள் எங்கள் பள்ளியிலேயே நான் ஒருத்திதான். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு நேர்த்திக்கடன் முறையைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. நேர்த்தி வைப்பது அம்மா; தீர்ப்பது நாங்கள். அம்மாவுக்கு நிரந்தர வேலை கிடைத்தபோது மொட்டைத் தலையோடு பஸ் ஓட்டியது அப்பா. அப்பாவின் பஸ் அனுமதிப்பத்திரத்துக்காக ஒரு மாதம் இனிப்புத் தொடாமல் இருந்தது நான். மாமாவுக்கு விசா வந்ததற்குக் கோயில் வீதியில் பிரதட்டை உருண்டதும் அப்பாதான். "உம்மடை தம்பிக்கு விசா, என்ரை முதுகுக்குக் கல்லு" என்று எழும்பியபடி சொன்னார். அம்மா இதற்கெல்லாம் அசரமாட்டார். தன் உடம்பைச் சொல்லிக் கேட்டால் அது கொடுக்கல் வாங்கல். தனக்கு உயிரான ஆட்களைச் சொல்லிக் கேட்டால்தான் முருகனுக்கு மனம் இளகும் என்பது அவருடைய விளக்கம். சின்ன வயதிலிருந்து வாயில் ஊறிய பழக்கம் அது. பயம் வந்தால் வாய் தானாகத் திறக்கும், எங்களில் ஒருவரின் பெயர் தானாக வெளியே வரும்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. அணி பட்டியலில் கீழே கிடந்தது. அந்த ஆட்டத்தில் வென்றால் பிரிவில் தங்கலாம். வெல்லாவிட்டால் அதற்கும் கீழே இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் அடுத்த ஆண்டு மண்டபத்துக்கு வாடகை கட்டமாட்டோம் என்று கல்லூரி நிருவாகம் சொல்லிவிட்டது. அதாவது அணியே இருக்காது. இதை எய்ரிக் கன்ரீனில் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மாவிடம் சொன்னானாம். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் தட்டில் சாப்பாடு மிஞ்சிக் கிடந்ததாக அம்மா வீட்டுக்கு வந்து சொல்லி, தானும் சாப்பிடாமல் இருந்தார்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தபோது எங்கள் அணி ஒரு கோல் முன்னால் நின்றது. நாங்கள் எல்லோரும் எழும்பி நின்றோம். அப்போது எங்கள் பெடியன் ஒருத்தன் எதிரணிக்காரனைப் பின்னாலிருந்து காலில் இடறி விழுத்திவிட, டொம்மர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்துக் காட்டினார். தண்டனை அடி. மற்ற எல்லோரும் ஒதுங்கி நிற்க, எதிரணிக்காரன் ஒருத்தன் மட்டும் வடையைத் தள்ளிக்கொண்டு வருவான். எய்ரிக் மட்டும் கோலில் நிற்பான். மண்டபம் அடங்கிப்போனது. பெரித்தின் ஊசிகள் நின்றுவிட்டன. அம்மா இரண்டு கைகளையும் உச்சியில் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு, அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்க, உரத்த குரலில் சொன்னார்:

"முருகா! உந்த வடை உள்ளுக்கை போகாமல் மறிச்சியெண்டா, என்ரை பிள்ளை எய்ரிக் இந்த வருசத் திருவிழாவிலை உனக்குக் காவடி எடுப்பான்!"

எதிரணிக்காரன் இடப்பக்கம் ஏமாற்றி வலப்பக்கம் அடித்தான். எய்ரிக் விழுந்தபடி காலை நீட்டினான். வடை அவன் சறுக்குச் சப்பாத்தின் கத்தியில் பட்டு, கோல் கம்பத்தில் இடித்து, வெளியே ஓடியது. அதன்பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. யாரோ என்னைத் தூக்கினார்கள், யாருடைய கோப்பியோ என் முதுகில் ஊற்றுப்பட்டது, அம்மா முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரரைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். வென்றுவிட்டோம். அணி தங்கிவிட்டது.

இரயிலில் வரும்போதுதான் நான் கேட்டேன்.

"அம்மா, எய்ரிக் காவடி எடுப்பான் எண்டு சொன்னனீங்கள்."

அம்மா சால்வையைக் கழற்றி மடித்தார். "சொன்னனானோ?"

"ஓம். கத்திச் சொன்னனீங்கள்."

"அவசரத்திலை வந்திட்டுது, பிள்ளை" என்றவரின் முகத்தில் இருந்த வெற்றிக் களை அந்த இடத்திலேயே இறங்கிப்போனது.

வீட்டில் அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்தப் பெடியனுக்கு முருகன் ஆரெண்டு தெரியாது. முருகனுக்கு அந்தப் பெடியன் ஆரெண்டு தெரியாது. நீர் நடுவிலை நிண்டு எழுதிக் குடுத்திருக்கிறீர்."

"நான் பேர் சொல்லித்தானே கேட்டனான். இப்ப தெரியும்" என்றார் அம்மா.

"சரி, என்ன காவடி? முதுகிலை செடில் முள்ளுக் குத்திறதோ?"

அம்மா திடுக்கிட்டு யோசித்தார். "காவடி எண்டு மட்டுந்தான் சொன்னனான். என்ன காவடியெண்டு சொல்லேல்லை."

"அந்தளவுக்கு அவன்ரை முதுகு தப்பிச்சுது."

சிரிப்பு அன்றோடு முடிந்தது. அந்தக் கடைசித் தடுப்பில் காலை நீட்டி விழுந்தபோது எய்ரிக்கின் முழங்கால் திரும்பிவிட்டிருந்தது. அடுத்த வாரம் அவன் ஊன்றுகோலோடு கன்ரீனுக்கு வந்தான். அம்மாவுக்கு அது போதும். நேர்த்தி தீரும்வரைக்கும் முருகன் முழங்காலைப் பிடித்து வைத்திருக்கிறார், தீர்க்காவிட்டால் விடமாட்டார் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டார். அப்பாவையோ என்னையோ மாற்றாக எடுக்கவைக்கலாமா என்று கேட்க நினைத்துத்தான் போனார், ஆனால் ஐயர் முந்திக்கொண்டார். "எடுக்கிறவருக்கு மனம் இருக்கவேணும், அம்மா. முதலிலை அந்தத் தம்பியிட்டைச் சொல்லுங்கோ. மாட்டன் எண்டால் பாப்பம். சொல்லாமல் மட்டும் இருக்காதேங்கோ."

சொல்வதற்குத்தான் அம்மாவுக்கு வாய் வரவில்லை. மண்டபம் அதிரக் கத்துகிறவர், ஒரு தட்டைத் தாண்டி நின்ற பெடியனிடம் ஒரு வசனம் சொல்ல முடியாமல் தவித்தார். சொல்ல முடியாத ஒவ்வொரு நாளும் அவன் தட்டில் இன்னொரு பொரித்த மீன் கேக்கைத் தூக்கி வைத்தார். காயம்பட்டவனுக்கு இரங்குகிறார் என்று நினைத்து அவனும் நன்றி சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டான். ஒருநாள் எய்ரிக்கை வைத்தியரிடம் கூட்டிப்போகப் பெரித்தும் கன்ரீனுக்கு வந்திருந்தார். அம்மா எனக்கு அழைப்பெடுத்து, பள்ளி விட்டதும் நேரே அங்கே வரச் சொன்னார். குரலைக் கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது, சொல்லப்போவது நான்.

நேர்த்தி என்பதை நோர்வேஜிய மொழியில் ஒரே சொல்லில் சொல்ல முடியவில்லை. அந்தத் தண்டனை அடியின்போது அம்மா எங்கள் கடவுளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார் என்று தொடங்கினேன். எய்ரிக் சந்தோஷப்பட்டான். என்ன கொடுப்பதாகச் சொன்னார் என்று கேட்டான்.

"உன்னை" என்றேன்.

பிறகு காவடியைக் கையால் வரைந்து காட்டி, மயிலிறகு, பால் செம்பு, கோயிலைச் சுற்றுவது எல்லாம் சொன்னேன். எய்ரிக் தன் தோளைத் தடவிப் பார்த்தான். பிறகு அது எவ்வளவு பாரம் இருக்கும் என்று கேட்டான். அவன் கோலில் நிற்கும்போது உடம்பில் கட்டுவதைவிடக் குறைவுதான் என்று நான் சொல்ல, அப்படியென்றால் பரவாயில்லை என்று சிரித்தான். அம்மாவின் கண் அந்த இடத்திலேயே நிறைந்துவிட்டது.

பெரித் சிரிக்கவில்லை. பின்னலை மெல்லப் பைக்குள் வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அவன் என் மகன். அவனை நீ எந்தக் கடவுளுக்கும் கொடுக்க முதல் என்னைக் கேட்டிருக்க வேண்டும்."

இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அம்மா எழும்பி நின்று மன்னிப்புக் கேட்பதற்குள் பெரித் மகனின் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "அவ சொன்னது சரி. பெத்த தாய் பக்கத்திலை இருக்கேக்கை நான் ஆர் கேக்க? முருகனுக்கும் அது தெரிஞ்சிருக்கும்."

எய்ரிக் மட்டும் சொன்ன சொல் மாறவில்லை. இடையில் ஒருநாள் அணித் தோழன் ஒருவன் கணினியில் காவடி என்று தேடி, முதுகில் செடில் கொளுவிய படங்களைக் கண்டெடுத்து அவனுக்குக் காட்ட, முகம் வெளிறி ஓடிவந்து அம்மாவிடம் விசாரித்தான். அது வேறு, இது பால்காவடி என்று அம்மா சத்தியம் பண்ணிக் கொடுத்தார். ஆடக்கூடாது, நடக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். கோடை வந்தது. விரத நாட்களில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து நிலத்தில் சப்பாணி கட்ட முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு, பருப்பும் பூசணிக்காய்க் கறியும் சோறுமாகச் சாப்பிட்டான். மீன் மரக்கறிக்குள் சேருமா என்று ஒருதரம் கேட்டான். "மீனுக்கும் உயிர் இருக்குதெண்டு சொல்லு பிள்ளை" என்றார் அம்மா. வேட்டி வாங்க ஒஸ்லோவின் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போனோம். கடையில் இருந்த எல்லா வேட்டியும் அவனுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. எட்டு முழம் என்பது சுற்றளவுக்குத்தான், உயரத்துக்கு இல்லை என்று அப்பா அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர்போலச் சொல்லி, தன் இடுப்புப் பட்டியைக் கழற்றி அவனுக்கு இறுக்கிக் கட்டிவிட்டார். கிரிக்கெட் கட்சி கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது.

பெரித்தைப் பற்றி அம்மா ஒவ்வொருமுறையும் கேட்பார். தன் தாய்க்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்று எய்ரிக் சொல்வான்.

திருவிழா அன்று நல்ல வெயில். மேளமும் நாதஸ்வரமும் தொடங்கிவிட்டன. எய்ரிக் திருநீறு பூசி, வெற்றுடம்போடு வெயிலில் மினுங்கிக்கொண்டு, தோளில் காவடியுடன் நின்றான். மற்றக் காவடிகளின் மேல் அவனுடைய மயிலிறகு மட்டும் தனியாக ஆகாயத்தில் தெரிந்தது. வீதியோரத்தில் முழு அணியும் பச்சைச் சட்டையோடு வந்து வரிசையாக நின்றது. இத்தனை ஞாயிறுகளாக நாங்கள் அவர்களைப் பார்த்துக் கத்தினோம். இன்றைக்கு அவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்துப் பெண் அம்மாவிடம் மெல்லக் கேட்டார். "ஆன்ட்டி, அவர் யாரு? உங்க மாப்பிள்ளையா?"

"இல்லை, எங்கடை கோல்காரன்" என்றார் அம்மா.

அப்போதுதான் பெரித்தைக் கண்டோம். கூட்டத்துக்கு வெளியே, நல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அம்மாவைப் பார்க்காமல் நேரே மகனிடம் போய், குனிந்து, தான் பின்னிய பச்சைக் கம்பளிப் பட்டியை அவனுடைய முழங்காலில் ஏற்றிவிட்டு, திரும்பிவந்து ஓரமாக நின்றார். அம்மா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

முதல் இரண்டு சுற்றும் நன்றாகத்தான் போனது. எய்ரிக் ஆடவில்லை, ஆனால் தவிலுக்கு அவன் நடை தானாகவே சேர்ந்துகொண்டது. கிழவிகள் அவனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கடைசிச் சுற்றில், கோயிலின் பின்மூலை திரும்பும் இடத்தில், அவன் நின்றுவிட்டான். முழங்கால் நடுங்கியது தூரத்திலிருந்தே தெரிந்தது. காவடி ஒரு பக்கமாய்ச் சரிந்தது. செம்பிலிருந்து பால் அவன் தோளில் வழிந்தது. தவில்காரர் அவனைப் பார்த்து அடியைக் குறைத்தார். இறக்கி வைத்தால் நேர்த்தி அங்கேயே அறுந்துவிடும். யாரும் கை கொடுக்கவும் முடியாது. நான் அம்மாவைப் பார்த்தேன். வாழ்நாளில் முதல்முறையாக அம்மாவுக்குச் சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கத்தியது பெரித்.

"கொம் இயென், எய்ரிக்!"

வாடா என் ராசா என்று சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல். அத்தனை ஆட்டங்களில் ஒருமுறையும் கேட்காத குரல் அது. கரகரத்து, உடைந்து, கோயில் வீதி முழுக்கக் கேட்டது. எய்ரிக் தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தான், நம்பமுடியாதவன்போல. பெரித் இன்னும் உரக்கக் கத்தினார். அணி அதைப் பிடித்துக்கொண்டது. பச்சைச் சட்டைகள் எல்லாம் கைதட்டி அவன் பெயரைச் சொல்லிக் கத்தின. பிறகு எங்கள் சனம் அரோகரா என்றது. தவில்காரர் சிரித்துக்கொண்டே அந்தக் கைதட்டலுக்கே அடியை மாற்றினார். எய்ரிக் காவடியை நிமிர்த்தி, நொண்டி நொண்டி, மூலையைத் திரும்பினான். பக்கத்தில் அப்பா, தொடாமல், ஆனால் விழுந்தால் பிடிக்க இரண்டு கைகளையும் விரித்தபடி, "மெல்ல மெல்ல, மோனை, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். வாசலில் ஐயர் காவடியை வாங்கி இறக்கினார்.

எய்ரிக் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, பெரித் அம்மாவின் பக்கம் திரும்பினார். நான் நடுவில் நின்றேன், ஆனால் என்னை இருவரும் கவனிக்கவில்லை. பெரித் எளிய சொற்களாக, மெதுவாக, அம்மாவுக்கு விளங்கும்படி சொன்னார். "அடுத்தமுறை என்னைக் கேள். கேட்டிருந்தால் நான் சம்மதித்திருப்பேன்."

"யா" என்றார் அம்மா. "யா, பெரித்." அதற்குமேல் சொல்லத் தெரியாமல், பெரித்தின் கையைப் பிடித்து, பால் ஒழுகிய படியில் எய்ரிக்குக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பிரசாதம் எடுத்துவர ஓடினார். நான் அந்த மூன்று பேரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு அணிக்கு ரசிகையாக இருக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அணி அதற்குப் பிறகு பல ஆண்டுகள் விளையாடியது. எய்ரிக்கின் முழங்கால் சுகமாகி, படிப்பு முடியும்வரை அவன்தான் கோலில் நின்றான். இப்போது வடக்கே ஒரு பள்ளியில் ஆசிரியனாக இருக்கிறான். பெரித்தும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்பார்கள், நான் நடுவில் இல்லாமலே. அப்பாவும் அம்மாவும் ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அணி வேறு மண்டபத்துக்கு மாறிப்போக, 'ஐஸ்பெட்டி' இருந்த இடத்தில் இப்போது பலகணிகள் வைத்த மாடி வீடுகள் நிற்கின்றன. அந்த வழியாகப் போகும்போது எந்த வாசமும் வருவதில்லை. கல்லூரியும் இன்னொரு பெரிய கல்லூரியோடு இணைந்துவிட்டது. கன்ரீனில் இப்போது தட்டில் போட்டுக் கொடுக்க ஆளில்லை. தாங்களே எடுத்து, தாங்களே அட்டையை நீட்டிக் காசு கட்டிவிட்டுப் போகிறார்கள்.

சென்ற ஆண்டு, செலவைக் குறைக்கப் புதிய நிருவாகம் அணியை நிறுத்தப்போகிறது என்று செய்தி வந்தது. அதற்கு முன்பே அம்மா ஓய்வுபெற்றுவிட்டார். அணி உண்மையிலேயே நிறுத்தப்பட்ட பிறகுதான் நான் அதை அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, பெரித் சொல்லியிருந்தார்.

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்? முருகனிட்டைக் கேட்டிருக்கலாமே?" என்றேன், பாதி பகிடியாக.

அம்மா சிரிக்கவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆற்றை பேரைச் சொல்லிக் கேக்கிறது, பிள்ளை? இப்ப விளையாடுற பெடியள் ஒருத்தரையும் எனக்குத் தெரியாதே. என்ன சாப்பிடுவாங்கள் எண்டுகூடத் தெரியாது."